கோட்டையின் கணக்கில் எங்களையும் எழுதுங்கள்

கொழும்பு கோட்டையின் பழைய கட்டடங்களுக்கும் அங்குள்ள மரபுரிமைப் பலகைகளுக்கும் பொறுப்பான அதிகாரிகளுக்கும், அந்த வேலைக்குப் பணம் கொடுக்கும் வங்கிகள், தேயிலைக் கம்பனிகளின் நிர்வாகிகளுக்கும்,

கோட்டையிலுள்ள தேயிலைப் பலகைகளில் தோட்டத் தொழிலாளர்களின் வரலாற்றையும் எழுதுங்கள் என்று நான் கேட்டதற்கு உங்கள் பதில் கடிதம் கிடைத்தது. தோட்டத் தொழிலாளர்களின் வரலாறு மலையகத்தோடு சம்பந்தப்பட்டது, அதை மலையகத்திலேயே காட்சிக்கு வைப்பதுதான் பொருத்தம், கோட்டைப் பகுதிக்கு உரியது வர்த்தகமும் கட்டடக்கலையும் என்று எழுதியிருக்கிறீர்கள். தமிழில் எழுதிய கடிதத்துக்குச் சிங்களத்தில் பதில் வந்ததைப் பற்றி இங்கே அதிகம் பேசப் போவதில்லை. உங்கள் முடிவைப் பற்றித்தான் பேச வேண்டும். அதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க என்னால் முடியவில்லை. அதனால் இந்த முறை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

நான் ஹற்றன் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் வரலாறு படிப்பிக்கிறேன். என் அம்மா ஓய்வு பெறும் வரைக்கும் கொழுந்து எடுத்தவர். அம்மாயியும் அப்படித்தான். எங்கள் பத்தாம் தரப் பிள்ளைகளைக் கொழும்புக்குச் சுற்றுலா கூட்டி வந்தபோதுதான் உங்கள் பலகைகளைப் பார்த்தேன். புதுப்பித்த ஒரு பழைய கட்டடத்தின் நடைபாதையில் தேயிலையும் கொழும்பும் என்ற வரிசையை வைத்திருக்கிறீர்கள். ஜேம்ஸ் டெய்லர் இருக்கிறார், 1867ஆம் ஆண்டு இருக்கிறது, லூல்கந்துரவில் அவர் 19 ஏக்கரில் தேயிலை நட்டது இருக்கிறது. தோமஸ் லிப்டன் இருக்கிறார். கப்பல்கள், தேயிலைப் பெட்டிகள், ஏல மண்டபம் எல்லாம் இருக்கின்றன. சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் பத்தி பத்தியாக விளக்கம் இருக்கிறது. தமிழில் தலைப்பு மட்டும்தான்.

வரிசையின் கடைசியில் ஆள் உயரத்துக்கு ஒரு பெண்ணின் படம். சிவப்புச் சேலை, மூக்குத்தி, பெரிய சிரிப்பு. கீழே ‘தேயிலை பறிக்கும் பெண்’ என்று எழுதியிருக்கிறது. வேறு ஒன்றும் இல்லை.

என் மாணவி ஒருத்தி கிட்டப் போய்ப் பார்த்துவிட்டு, "டீச்சர், இவங்க கையில இருக்கிறது கொழுந்து இல்ல, முத்தின இலை. இதைப் போட்டா நிறுக்கிற இடத்துல கழிச்சிருவாங்க" என்றாள். உடனே மற்றப் பிள்ளைகளும் கூடிவிட்டார்கள். இடுப்பில் படங்கு கட்டவில்லை என்றான் ஒருவன். கூடைக் கயிறு தலையில் இல்லை, கூடை தோளில் தொங்குகிறது என்றாள் இன்னொருத்தி. நான் அந்தப் பெண்ணின் விரல்களைப் பார்த்தேன். கழுவித் துடைத்த விரல்கள். என் அம்மா வேலையை விட்டு எவ்வளவோ காலமாகிவிட்டது. ஆனாலும் வலது கைப் பெருவிரலிலும் ஆட்காட்டி விரலிலும் தேயிலைச் சாயம் இறங்கிய வெடிப்புகள் இன்றைக்கும் கறுப்பாகத்தான் இருக்கின்றன. புளி போட்டுத் தேய்த்தும் போகாத கறுப்பு அது. தேயிலை வாங்க வருகிறவர்களுக்குக் காட்டுவதற்காக யாரோ எடுத்த விளம்பரப் படத்தை வரலாறு என்று சுவரில் மாட்டியிருக்கிறீர்கள். வேலை தெரிந்த பிள்ளைகள் ஒரு நிமிஷத்தில் அதைக் கண்டுபிடித்துவிட்டார்கள்.

அதற்குப் பிறகுதான் உங்களுக்கு எழுதினேன். படத்தை மாற்றுங்கள், தமிழில் முழு விளக்கம் போடுங்கள், அந்தத் தேயிலையை உண்டாக்கிய மக்கள் எப்படி வந்தார்கள், எந்தக் கணக்கில் வந்தார்கள் என்பதையும் எழுதுங்கள் என்று கேட்டேன். அது மலையகத்து விஷயம் என்று பதில் வந்தது.

கோட்டை என்ற இடத்தை யார் கட்டினார்கள் என்று கேட்டால் போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், ஆங்கிலேயர் என்று வரிசையாகச் சொல்லலாம். பழைய ஒல்லாந்தர் வைத்தியசாலையை 2011இல் திருத்தித் திறந்தீர்கள். நல்ல வேலை, அதில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் இன்றைக்கு நாம் பார்க்கும் கோட்டை, வங்கிகளும் கம்பனித் தலைமையகங்களும் கப்பல் அலுவலகங்களும் நிறைந்த கோட்டை, கோப்பியாலும் தேயிலையாலும் வந்தது. மலைநாட்டுக்கு ரயில் பாதை போட்டது கோப்பி மூட்டையை இறக்குவதற்காக. 1867இல் அது கண்டியைத் தொட்டது. 1869இல் கோப்பியில் இலை நோய் விழுந்தது. கோப்பி போய்த் தேயிலை வந்தது, பாதை 1885இல் நானுஓயா வரைக்கும் ஏறியது. துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவருக்கு அடிக்கல் வைத்தது 1875இல். மேலே இருந்து வரும் சரக்கு இல்லாமல் கீழே இவ்வளவு பெரிய துறைமுகத்துக்கும் இத்தனை வங்கிகளுக்கும் என்ன வேலை இருந்திருக்கும்?

ஜனாதிபதி மாளிகைக்கு முன்னால் எட்வர்ட் பார்ன்ஸின் சிலை நிற்கிறது. நெடுஞ்சாலைத் தூரங்களை அந்தச் சிலையிலிருந்து அளப்பது வழக்கம் என்பார்கள். 1824இலிருந்து 1831வரை தேசாதிபதியாக இருந்த அவர் கன்னொறுவையில் சொந்தமாகக் கோப்பித் தோட்டம் வைத்திருந்தவர். கொஞ்சம் தள்ளி, சதாம் வீதிச் சந்தியில் மணிக்கூட்டுக் கோபுரம். அதை வடிவமைத்தவர் தேசாதிபதி வார்டின் மனைவி. கட்டி முடித்தது 1857இல். பிறகு அதே கோபுரம் வெளிச்ச வீடாகவும் இருந்தது. இவையெல்லாம் உங்கள் பலகைகளில் உண்டு. அந்தக் கோபுரத்துக்குக் கல் அடுக்கிய அதே வருஷங்களில், தலைமன்னார்க் கரையில் இறங்கிய எங்கள் ஆட்கள் காட்டு வழியே மாத்தளைக்கு நடந்துகொண்டிருந்தார்கள். கொலராவிலும் காய்ச்சலிலும் பட்டினியிலும் செத்தவர்களை வழியிலேயே விட்டுவிட்டு நடந்தார்கள். மலையக மக்கள் வந்து 200 ஆண்டு ஆனதை ஒட்டி 2023 ஜூலை 28 அன்று தலைமன்னாரில் தொடங்கிய நடைபயணம் ஆகஸ்ட் 12 அன்று மாத்தளையில் முடிந்தது. தம்புள்ளைக்கு அப்பால் நானும் அதில் சேர்ந்துகொண்டேன். தார் ரோட்டில், தண்ணீர்ப் போத்தலோடு, கூட ஆம்புலன்ஸ் வர நடந்த எனக்கே கால் வீங்கிவிட்டது.

சரி, இதெல்லாம் நடந்தது வேறு இடத்தில், கோட்டையில் இல்லையே என்று நீங்கள் சொல்லலாம். அப்படியானால் கோட்டையோடு நேரடியாகச் சம்பந்தப்பட்ட ஒன்றைச் சொல்கிறேன்.

கடனைச் சொல்கிறேன். தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஆள் திரட்ட, தோட்டங்கள் கங்காணிக்கு முன்பணம் கொடுத்தன. அதற்குக் ‘கோஸ்ட் அட்வான்ஸ்’ என்று பெயர். ஊரில் பட்ட கடனை அடைக்க, வழிச் சாப்பாட்டுக்கு, கம்பளிக்கு, சட்டிபானைக்கு என்று செலவான ஒவ்வொரு காசும் வந்த ஆளின் தலையில் கடனாக ஏறியது. தோட்டத்தில் கால் வைக்கும்போதே கடனாளி. அந்தப் பணம் எங்கிருந்து போனது? தோட்டங்களின் நிர்வாகத்தையும் பணத்தையும் பார்த்த, கொழும்பில் இருந்த ஏஜென்சி ஹவுஸ் கம்பனிகளில் இருந்து போனது. அவர்களுக்குப் பின்னால் வங்கிகள் இருந்தன. செட்டியார் தெருவில் நாட்டுக்கோட்டைச் செட்டிமார் இருந்தார்கள். இன்றைக்கு நீங்கள் வெள்ளையடித்து விளக்குப் போட்டிருக்கும் அலுவலகத் தெருக்களில்தான் அந்தக் கணக்குப் புத்தகங்கள் எழுதப்பட்டன.

பிறகு துண்டு. என் மாணவர்களுக்கு இதை விளங்கப்படுத்த ஒரு முழுப் பாடவேளை போய்விடும். ஒரு கூட்டம் ஆட்கள் வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால், பழைய தோட்டத்துத் துரை ஒரு சீட்டு எழுதிக் கொடுப்பார். இன்ன கங்காணியின் ஆட்கள் இத்தனை பேர், அவர்கள் மேல் கடன் இவ்வளவு, அதைக் கட்டுகிற தோட்டத்துக்கு இவர்களை விட்டுவிடுவேன் என்று அதில் இருக்கும். கங்காணி அந்தத் துண்டோடு தோட்டம் தோட்டமாகப் போவார். பணம் கட்டும் துரை கிடைத்தால் ஆட்கள் கைமாறுவார்கள். பழைய கடன் புதுத் தோட்டத்தின் பேரேட்டில் ஏறும். சில சமயம் கூடியே ஏறும். வேலைக்கு வந்த ஒவ்வொரு ஆளுக்கும் நாளுக்கு இவ்வளவு என்று கங்காணிக்குப் ‘பென்ஸ் காசு’ வேறு. குடும்பத்தின் கடன் அடைந்ததா இல்லையா என்று அந்தக் குடும்பத்துக்கே தெரியாது, கணக்கு எழுதியது வேறு ஆள். அம்மாயியின் தகப்பன் டிக்கோயாவிலிருந்து துண்டில் வந்தவர் என்று வீட்டில் சொல்வார்கள். எவ்வளவு ரூபாய்த் துண்டு என்று யாருக்கும் தெரியாது. 1921இல் சட்டம் போட்டுத் துண்டு முறையை ஒழித்தார்கள்.

மனிதர்களின் கடன் ஒரு சீட்டாகி, அந்தச் சீட்டு கைமாறிப் போனதைவிடப் பெரிய நிதி வரலாறு இந்தத் தீவில் என்ன இருக்கிறது? பழைய நாணயங்களையும் நோட்டுகளையும் காட்ட சதாம் வீதியில் அருங்காட்சியகம் இருக்கிறது. அது நல்லதுதான். ஆனால் காசு வரலாறு என்றால் துண்டும் காசு வரலாறுதான். அது ஹற்றனில் காட்ட வேண்டிய விவசாய விஷயம் என்று சொல்லாதீர்கள். துண்டில் எழுதிய பணத்தின் ஒரு முனை எங்கள் லயத்தில் இருந்தது, மறுமுனை உங்கள் தெருவில் இருந்தது.

ஏலமும் அப்படித்தான். கொழும்பில் முதல் தேயிலை ஏலம் 1883 ஜூலை 30 அன்று குயின்ஸ் வீதியில் ஒரு தரகர் அலுவலகத்தில் நடந்தது. இன்று அது ஜனாதிபதி மாவத்தை, மணிக்கூட்டுக் கோபுரம் நிற்கும் அதே தெரு. 2020இல் கொரோனா வந்தபோது ஏலம் இணையத்துக்கு மாறியது. ஏலப் பட்டியலில் தோட்டத்தின் பெயர் வரும், தரம் வரும், நிறை வரும். நல்ல விலை போனால் தோட்டத்துக்குப் பெயர். அன்றைய நிறை குறைந்ததால் அரைப் பேர், அதாவது அரை நாள் சம்பளம், மட்டும் விழுந்த பெண்ணைப் பற்றி அந்தப் பட்டியலில் எதுவும் வராது. வர வேண்டும் என்று நான் கேட்கவில்லை, அது வியாபாரப் பட்டியல். ஆனால் வரலாறு என்று பலகை வைக்கும்போது அந்தப் பெண்ணையும் விட்டுவிட்டால் அதுவும் வியாபாரப் பட்டியல்தான்.

காலிமுகத்திடல் பக்கம் பெரிய தூண்களோடு நிற்கிறதே பழைய பாராளுமன்றக் கட்டடம், இன்றைய ஜனாதிபதி செயலகம், அதைப் பார்க்கும்போது எல்லோரும் அழகான கட்டடம் என்பார்கள். அழகுதான். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் அங்கேதான் நிறைவேறியது. எங்கள் ஆட்கள் நாடற்றவர்களானது அங்கே. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்க்கலாம் என்று எழுதினார்கள். அம்மாயியின் தம்பி குடும்பம் ஹற்றன் ஸ்டேஷனில் கோச்சி ஏறிப் போனது அந்தக் கணக்கில்தான். எங்களுடைய நாட்டுரிமை கொழும்பின் ஒரு கட்டடத்துக்குள் போய்விட்டு, எங்களுடைய வரலாறு மட்டும் மலையில் இருக்க வேண்டும் என்றால் எப்படி?

மலையகத்தில் காட்சி இல்லை என்று நான் சொல்லவில்லை. ஹந்தானையில் பழைய தொழிற்சாலைக்குள் தேயிலை அருங்காட்சியகம் இருக்கிறது. இயந்திரங்கள் இருக்கின்றன, துரைமாரின் பொருட்கள் இருக்கின்றன. கம்பளைப் பக்கம் பழைய பீக்கொக் தோட்டத்தில் ஒரு லயத்திலேயே தொழிலாளர் அருங்காட்சியகம் நடக்கிறது. காம்பிரா, அதாவது லயத்து அறை, எப்படி இருந்தது, எதில் சமைத்தார்கள், என்ன உடுத்தார்கள் என்று அங்கே பார்க்கலாம். என் பிள்ளைகளை அங்கேயும் கூட்டிப் போயிருக்கிறேன். ஆனால் எங்கள் பிள்ளைகளுக்கு எங்கள் கதை வீட்டிலேயே தெரியும். தெரிய வேண்டியது கோட்டையில் வேலைக்கு வருகிறவர்களுக்கும், அந்த நடைபாதையில் நின்று படம் எடுக்கிறவர்களுக்கும், வங்கியில் கணக்கு வைத்திருக்கிறவர்களுக்கும்தான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1991இல் வந்த 100 ரூபாய் நோட்டின் பின்பக்கம் கொழுந்து பறிக்கும் பெண்கள் இருந்தார்கள். 2010 வரிசையில் வந்த 500 ரூபாய் நோட்டில் உங்கள் உலக வர்த்தக மையக் கோபுரங்கள் இருக்கின்றன. சம்பள நாளில் எங்கள் தாய்மார் எண்ணிப் பார்த்துக் கடைக் கணக்குக்குக் கொடுப்பது அந்த நோட்டைத்தான். நாளுக்கு 1,000 ரூபாய் வேண்டும் என்று வருஷக்கணக்கில் ரோட்டில் உட்கார்ந்து, 2021இல்தான் அது வர்த்தமானியில் வந்தது. அந்தக் கோரிக்கைக்குப் பதில் சொல்ல வேண்டியவர்களின் தலைமை அலுவலகங்களும் கொழும்பில்தான் இருக்கின்றன. இதை நான் சம்பளப் பேச்சுவார்த்தைக்காக எழுதவில்லை. கோட்டையும் மலையும் இன்றைக்கும் ஒரே கணக்கில் இருக்கின்றன என்பதற்காக எழுதுகிறேன்.

இடம் போதாது என்று அடுத்த கடிதத்தில் எழுதுவீர்களோ என்று நினைக்கிறேன். லிப்டனுக்கு மூன்று பலகை இருக்கிறது. கசப்பான விஷயங்களைப் போட்டால் வருகிறவர்கள் முகம் சுளிப்பார்கள் என்றும் சிலர் சொல்கிறார்கள். துயரத்தை மட்டும் போடுங்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. மாசி மாதத்தில் எங்கள் தோட்டங்களில் காமன் ஊன்றி, ரதியும் மன்மதனும் வேஷம் கட்டி, விடிய விடியத் தப்பு அடித்து ஆடும் காமன் கூத்து இருக்கிறது. மாத்தளை முத்துமாரியம்மன் தேர் இருக்கிறது. சங்கம் கட்டிய பெண்கள் இருக்கிறார்கள். தேயிலை நட்ட ஆட்கள் இதையெல்லாம் கொண்டுவந்து இந்த நாட்டுக்குக் கொடுத்திருக்கிறார்கள். சிரித்த முகத்தோடு ஒரு கூடையை மட்டும் கொண்டுவந்தவர்கள் இல்லை.

நான் கேட்பவை இவைதான்.

அந்தப் படத்தை எடுத்துவிடுங்கள். கொழுந்து எடுக்கிறவரின் படம் வேண்டும் என்றால், உண்மையில் மலையில் நிற்கும் ஒருவரிடம் கேட்டு, அவர் சம்மதித்தால் எடுத்து, அவருடைய பெயரையும் தோட்டத்தின் பெயரையும் ஜேம்ஸ் டெய்லரின் பெயரை எழுதிய அதே அளவு எழுத்தில் போடுங்கள். அவருக்குப் பணமும் கொடுங்கள். விளம்பரத்துக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கிறீர்கள்தானே.

எல்லாப் பலகைகளிலும் மற்ற இரண்டு மொழிகளில் இருக்கும் அளவுக்குத் தமிழிலும் எழுதுங்கள். 1987இல் 13ஆம் திருத்தத்தோடு தமிழும் அரசகரும மொழியாகிவிட்டது. இது சலுகை இல்லை. எழுதியதை அச்சுக்குக் கொடுக்குமுன் தமிழ் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள்.

கோஸ்ட் அட்வான்ஸ், துண்டு, பென்ஸ் காசு, 1921 சட்டம், 1948 சட்டம், 1964 ஒப்பந்தம் ஆகியவற்றைச் சொல்லும் பலகைகளைக் கோட்டையிலேயே, ஏலமும் வங்கிகளும் பேசப்படும் அதே வரிசையில் வையுங்கள். எழுத ஆள் இல்லை என்று சொல்ல வேண்டாம். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் மலையகம் பற்றி ஆராய்ந்தவர்கள் இருக்கிறார்கள், கம்பளை அருங்காட்சியகத்தை நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள், கங்காணிக் காலத்தைக் காதால் கேட்ட முதியவர்கள் இன்னும் லயங்களில் இருக்கிறார்கள். முடிவெடுக்கும் குழுவில் இவர்களில் சிலரையாவது உட்கார வையுங்கள். ஆலோசனைக்கு மட்டும் கூப்பிட்டு அனுப்பிவிடாதீர்கள்.

வங்கிகளிடமும் கம்பனிகளிடமும் தனியாக ஒன்று கேட்கிறேன். உங்கள் களஞ்சிய அறைகளில் பழைய செக்ரோல்களும் (தொழிலாளர் பெயர்ப் பதிவேடுகள்) கங்காணிக் கணக்குகளும் துண்டுகளும் இருந்தால், கரையான் அரிக்கும் முன் தேசிய சுவடிகள் திணைக்களத்தில் ஒப்படையுங்கள், அல்லது ஆராய்ச்சியாளர்களுக்குத் திறந்து காட்டுங்கள். எங்கள் முன்னோரின் பெயர்கள் எழுதப்பட்டிருக்கும் தாள்கள் அவை. பல குடும்பங்களுக்கு வேறு எந்த ஆவணமும் கிடையாது. கொப்பி எடுத்துத் தந்தாலும் போதும்.

தோட்டப் பாடசாலைகளில் இருந்து வரும் பிள்ளைகளுக்குத் தமிழில் விளக்க ஒருவரை ஏற்பாடு செய்யுங்கள். நாங்கள் வருவதை முன்கூட்டியே எழுதி அறிவிக்கிறோம்.

பலகைகளை இந்த வருஷம் மாற்றி அமைக்கப் போவதாக உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. புதியவற்றை அச்சடிக்கும் முன் இந்தக் கோரிக்கைகள் ஒவ்வொன்றுக்கும் தமிழில், எழுத்தில் பதில் தாருங்கள். எங்கள் விஷயம் கோட்டைக்குப் பொருந்தாது என்று முடிவெடுத்தது யார், எந்தக் கூட்டத்தில், எந்த அடிப்படையில் என்பதைக் கேட்டு, 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் தனியாக ஒரு விண்ணப்பமும் அனுப்பியிருக்கிறேன். அதற்கான பதிலையும் எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு தோட்டப் பாடசாலை வரலாற்று ஆசிரியை,
ஹற்றன்